38 கிலோ நூலும் ஒரு வீடு மாற்றமும்: எதை எதில் கட்டலாம்?

ஆடி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது வீட்டுக்காரம்மா வந்து, மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், கீழ் போர்ஷன் எங்களுக்கு வேணும்மா என்றார். ஆடியில் யார் வீடு மாறுவார்கள், ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக்கோங்க என்று அவரே சொல்லிவிட்டதால் எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் கிடைத்தது. கொருக்குப்பேட்டையில் தரைத்தளம், போவது திருவொற்றியூரில் மூன்றாவது மாடி. கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் எல்லா வீட்டிலும் இருப்பதுதான், தூக்குகிறவர்களுக்கு அது பழக்கம். எனக்குக் கவலையெல்லாம் பின்னல் நூல். சின்ன வயதில் பெரம்பூர் ரயில்வே குடியிருப்புப் பக்கம் இருந்தபோது பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார், அன்றிலிருந்து பாரிமுனைக்கு எந்த வேலையாகப் போனாலும் நாலு கண்டு வாங்காமல் நான் திரும்பியதில்லை.

இந்த ஊர் வெயிலுக்கு யாருக்கு உல்லன் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டில் பிரசவம் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில்தான். பிறந்த குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரிது, சூடு அந்த வழியே சீக்கிரம் போய்விடும், அதனால் தொப்பி வேணும், காலுறை வேணும். மார்கழியில் பெரியவர்களுக்கு மஃப்ளர். பெங்களூரில் இருக்கும் தங்கை பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர். வருஷம் முழுக்கக் கையில் வேலை இருக்கும்.

முதலில் பழைய பேப்பர் கடைத் தம்பியைத் தராசோடு வரச்சொல்லி மொத்தத்தையும் எடை போட்டேன். 38 கிலோ. அக்ரிலிக் 19, பருத்தி 11, அசல் கம்பளி நூல் 5, ஊட்டிப் பக்கத்திலிருந்து வந்த வெட்டிய ஆட்டு ரோமம் 3. இந்தக் கணக்கு கையில் வந்த பிறகுதான் ஒரு விஷயம் தெளிவானது. எல்லோரும் முதலில் எந்தப் பை வாங்கலாம், எந்தப் பெட்டி வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் இது எந்த நார், புது வீட்டில் எத்தனை நாள் கட்டுப் பிரிக்காமல் கிடக்கப்போகிறது என்று பார்க்கணும். அக்ரிலிக்கைப் பூச்சி தின்னாது, ஈரமும் குடிக்காது, எப்படிக் கட்டினாலும் தாங்கும். பருத்தியைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது, ஆனால் ஈரம் பட்டு மூடிக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். கம்பளி விஷயம் வேறு. தன் எடையில் 30 சதவீதம் வரைக்கும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, கையில் தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். கடல் பக்கத்து ஊரில் இருக்கும் நமக்கு இது ரொம்ப முக்கியம், காய்ந்துதானே இருக்கு என்று நினைத்து இறுக்கி மூடிவிடுவோம்.

லேபிள் கழன்றுபோன கண்டுகளை எப்படிப் பிரிப்பது? ஒரு விரல் நீளம் நூல் வெட்டி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் அடித்து, நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்து, சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியானால் கம்பளி. உருகிச் சொட்டிக் கறுப்பாகக் கெட்டி மணியானால் அக்ரிலிக். காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தி. நான் கம்பளி என்று விலை கொடுத்து வாங்கி வைத்திருந்த ஒரு பச்சை நூல் முழுக்க அக்ரிலிக் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பீரோவின் அடித்தட்டில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு சிட்டமாக இருந்தது. தூக்கினால் நடுவில் நாலைந்து இடத்தில் அறுந்து அறுந்து வருகிறது. சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன், அரிசியைவிடச் சின்னதாக ஒரு கூடு, சிவப்பு நிறத்திலேயே. நூலைத் தின்று அந்த நூலாலேயே தனக்குச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறது புழு. நம் வீட்டுச் சுவர்களில் பூசணி விதை மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு கூடு ஒட்டிக்கொண்டு, இரண்டு முனையிலும் தலையை நீட்டி நகருமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஒட்டடையைத் தின்று வாழும், கம்பளி கிடைத்தால் அதையும் விடாது. அந்துப்பூச்சி பறந்து திரிவதைப் பார்த்து அடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம், தின்பது புழு, பூச்சி அல்ல. இதைப் பார்க்காமல் அப்படியே மூட்டை கட்டியிருந்தால் புது வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் குடிவைத்திருப்பேன்.

அதனால் கட்டுவதற்கு முன்னால் பூச்சிக்கு என்ன செய்வது என்பதே பெரிய முடிவு. எனக்கு முன்னால் நாலு வழி இருந்தது.

எல்லோர் வாயிலும் முதலில் வருவது பாச்சை உருண்டை. வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் ஆவி அடைபட்டு நிறையும் பெட்டியில்தான் வேலை செய்யும், பீரோ மூலையில் இரண்டு உருட்டிவிட்டால் வாசனை மட்டும்தான் மிச்சம். அதைவிட, நான் பின்னுவது பச்சைக் குழந்தைகளுக்கு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு இந்த நாப்தலீன் பட்ட துணியைப் போட்டால் ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரை போகும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கு என்று பார்த்தால் தெரியாது. ஆகவே என் வீட்டில் அது கிடையவே கிடையாது, நீங்களும் குழந்தைத் துணி வேலை செய்கிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

என் மாமியார் சொன்னது வசம்பும் காய்ந்த வேப்பிலையும். அவர் பட்டுப்புடவைக்கு நடுவில் வசம்பைத் துணியில் முடிந்து வைப்பார், பல வருஷமாக. வராமல் தடுக்க ஓரளவு உதவும் என்பது என் அனுபவம், ஏற்கெனவே உள்ளே இருக்கும் முட்டையையும் புழுவையும் கொல்ல அது போதாது. சுத்தம் செய்த பிறகு காவலுக்கு வைக்கலாம், அதுவும் நூல்மேல் நேராகப் படாமல் துணியில் முடிந்து.

மூன்றாவது வெயில். சித்திரை, வைகாசியாக இருந்தால் நான் இதைத்தான் எடுத்திருப்பேன். கறுப்பு பிளாஸ்டிக் பையில் நூலை மெல்லிசாகப் பரப்பிக் கட்டி மொட்டை மாடியில் உச்சி வெயிலில் வைத்தால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டில் முட்டை, புழு இரண்டும் சாகும். தடித்த மூட்டையாக வைத்தால் நடுப்பகுதிக்குச் சூடு போகாது, திருப்பித் திருப்பிப் போடணும். பையில்லாமல் நேராக விரித்தால் சாயம் வெளுக்கும். நான் இருந்தது ஆடியில், காலையில் வெயில், நாலு மணிக்குக் கறுத்துக்கொண்டு வரும், ஒரு நாளும் நம்ப முடியவில்லை.

நாலாவது குளிர். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் மிஞ்சாது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் மேலே இருக்கும் ஐஸ் பெட்டி அந்த அளவு குளிர் தராது, அதை நம்ப வேண்டாம். நான் தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். ஐஸ்கிரீம் வைக்கும் பெரிய ஃப்ரீசரில் ஒரு மூலை ஒதுக்கிக்கொடுத்தார், பதிலுக்கு அவர் பேரனுக்கு ஒரு தொப்பி. கம்பளி 5 கிலோவையும் இரண்டு பைக்குள் பையாகப் போட்டு, காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றிக் கட்டி, இரண்டு வாரம் உள்ளே. வெளியே எடுத்ததும் அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே கிடந்து வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகு பிரிக்கணும், இல்லாவிட்டால் நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் அத்தனையும் நூல்மேல் முத்து முத்தாகப் படியும். நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான். பையில் கட்டிய நூலில் வாசனை ஏறவில்லை, நிறமும் மாறவில்லை.

ஆட்டு ரோமத்துக்கு வருகிறேன். சமவெளியில் நம் சுற்றுவட்டாரத்தில் மேயும் சென்னைச் சிவப்பு ஆடு ரோமம் தராது, அதன் மேல் இருப்பது குட்டை முடி, கறிக்கு வளர்ப்பது. நீலகிரி ஆடுதான் மென்மையான கம்பளி தரும். 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் என்ற சீமை ஆடுகள் கலந்து வந்த இனம் அது, ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மாதவரம் பால்பண்ணையில் தலைமை இடம் இருக்கும் அதே பல்கலைக்கழகம். அந்த ரோமத்தைத் தக்களியில் நூற்றுப் பார்த்தவர்களுக்கு அதைத் தூக்கிப்போட மனசு வராது. ஆனால் கழுவாத ரோமத்தை அப்படியே எடுத்துப்போவதா, கழுவி எடுத்துப்போவதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா?

கழுவாததில் ஆட்டின் மெழுகு, வியர்வை உப்பு, புழுக்கை, மண் எல்லாம் இருக்கும். நாள்பட்டால் மெழுகு கெட்டியாகி மஞ்சளாகும், பூச்சிக்கும் அந்த அழுக்குதான் விருந்து. மூடிய வண்டியில், மூடிய வீட்டில் அந்த வாடையோடு இருக்க வேறு வேண்டும். ஆகவே கழுவித்தான் எடுத்துப்போகணும், அதற்கு நேரம் இல்லையென்றால் நூற்கத் தெரிந்த யாருக்காவது கொடுத்துவிடுங்கள், பாதிக் கிணறாக வேண்டாம். கழுவும்போது கொருக்குப்பேட்டை வீட்டிலேயே செய்ததற்குக் காரணம் தண்ணீர். அங்கே மெட்ரோ வாட்டர் வரும். புது வீட்டில் போர் தண்ணீர், உப்பு. சோப்பு நுரைக்காது, ஆட்டு மெழுகோடு சேர்ந்து பிசுபிசுவென்று ரோமத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கை பொறுக்காத சூட்டில், 60 டிகிரி அளவில், ஷாம்பு கலந்த தண்ணீரில் வலைப் பையில் போட்டு அமுக்கி வைத்து இருபது நிமிஷம் அசைக்காமல் விட்டேன். அலசும் தண்ணீரும் அதே சூடு. கசக்கினாலோ, சுடுதண்ணீரிலிருந்து பச்சைத் தண்ணீருக்கு மாற்றினாலோ, மேலே குழாயைத் திறந்துவிட்டாலோ ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கம்பளிப் பாயாகிவிடும், அப்புறம் நூற்க முடியாது. முதல் வாளித் தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் வந்தது, நாலாவது வாளியில்தான் தெளிந்தது. கொசுவலையில் பரப்பி, தூசி படியாமல் மேலே பழைய வேட்டி போட்டு ஆடிக் காற்றில் மூன்று நாள். 3 கிலோவாக இருந்தது 2 கிலோகூட இல்லை, குறைந்தது அத்தனையும் மெழுகும் மண்ணும்.

சரி, இப்போது பைக்கும் பெட்டிக்கும் வரலாம்.

கொளத்தூரில் இருக்கும் அண்ணி, காற்றை உறிஞ்சும் வேக்கும் பை வாங்கு, மெத்தையே தலையணை அளவுக்குச் சுருங்கும் என்றார். அக்ரிலிக்குக்கு அது அருமை, எனக்கு நாலு மூட்டை ஒரு மூட்டை ஆனது. பருத்தி ஏற்கெனவே கெட்டி, சுருங்குவது கொஞ்சம்தான், எடையோ அப்படியே இருக்கும். கம்பளி நூலையும் கழுவிய ரோமத்தையும் வண்டி ஏறி இறங்கும் ஒரு வாரத்துக்கு அதில் வைக்கலாம், மாதக்கணக்கில் வைத்தால் சுருள் அமுங்கித் துள்ளல் போய்விடும். ஈரம் இருக்கும்போது உறிஞ்சிவிட்டால் அந்த ஈரத்தோடேயே பூட்டிவிடுகிறோம், ஆகையால் நல்ல வெயில் நாளில் மதியம் செய்யுங்கள். பையில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் ராத்திரிக்குள் உப்பிவிடும், பின்னல் ஊசிகளை அதன் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

மாமியார் வழி, பழைய நூல் புடவையில் மூட்டை. செலவில்லை, காற்றோட்டம் உண்டு, கம்பளி மூச்சு விடும். கழுவிய ரோமத்துக்கு இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை, தலையணை உறையில் தளர்வாகத் திணித்து அதன்மேல் புடவை சுற்றினேன். குறை என்னவென்றால் எலி. தரைத்தளத்தில் பெருச்சாளி இருக்கும் வீட்டில் ஒரு ராத்திரி தரையில் விட்டாலும் கூடு கட்ட எடுத்துக்கொண்டுபோகும். கட்டியதும் உயரத்தில் வையுங்கள்.

தகர டிரங்குப் பெட்டியை எலி தொடாது, அதுதான் அதன் பெருமை. ஆனால் கடற்காற்றில் உள்பக்கம் துருப் பிடிக்கும், வெள்ளை நூலில் ஒரு துருக்கறை பட்டால் போகவே போகாது, மூன்று மாடி தூக்குகிறவர்களின் முதுகையும் நினைக்கணும். என் பெட்டியை பித்தளைச் சாமான்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

அட்டைப் பெட்டி சுலபமாகக் கிடைக்கும், மளிகைக் கடையில் கேட்டாலே தருவார்கள். அதன் மடிப்புக்குள் கரப்பான் முட்டையும் சேர்ந்தே வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்குத் தண்ணீர் வந்தபோது அட்டைப் பெட்டியில் இருந்த பருத்தி நூல் மொத்தமும் கஞ்சி மாதிரி ஊறிச் சாக்கடை நாற்றத்தோடு வெளியே போனது. அன்றைக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தவை கூடத்தில் மிதந்துகொண்டிருந்தன, உள்ளே ஒரு சொட்டு இல்லை. அதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதனால் வைத்துப் பாதுகாக்க என் தேர்வு, கிளிப் போட்டு மூடும் தடித்த பிளாஸ்டிக் டப்பாதான். ஒவ்வொரு வேலைக்கான நூலையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு, லாட் நம்பர், அதாவது எந்தத் தடவை சாயம் போட்டது என்ற எண், இருக்கும் லேபிளையும் உள்ளேயே வைத்து, பைக்கு ஒரு எண் கொடுத்து, எண்ணை நோட்டில் எழுதினேன். லாட் மாறினால் ஒரே வெள்ளைகூட ஸ்வெட்டரில் கோடு விழும், பின்னுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பளிப் பையின் ஜிப்பை மட்டும் ஒரு விரல் அளவு திறந்து விட்டேன், டப்பாவில் வசம்பு முடிச்சு.

அரைகுறையாக ஊசியில் இருப்பவற்றை எதிலும் கட்டாதீர்கள். கண்ணிகளை வேறு நிறப் பருத்தி நூலில் கோத்து முடிச்சுப் போட்டு, எத்தனையாவது வரிசை என்று துண்டுச் சீட்டில் எழுதி, கைப்பையில் எடுத்துப்போங்கள். நான் முதல் நாளே தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி தேரடியில் இறங்கிக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

வண்டிக்கு மூன்று யோசனை. கம்பெனிக்காரர்களே வந்து கட்டி ஏற்றுவது ஒன்று. முன்பு ஒரு தடவை வீடு மாறியபோது வந்த ஒரு கம்பெனி, கிரைண்டருக்கு அடிபடாமல் இருக்க என் கம்பளிச் சிட்டங்களை எடுத்து இடையில் திணித்துவிட்டார்கள், மாவும் எண்ணெயுமாக வந்தது, நான் அழுதுவிட்டேன். அவர்களிடம் கொடுத்தாலும் நூலை நீங்களே கட்டி, சீல் வைத்துக் கொடுங்கள். கண்ணாடிச் சாமானுக்கு இடையில் திணிக்க அக்ரிலிக் ஜிப் பைகளை நாமே எடுத்துக் கொடுக்கலாம், அது நல்ல வழி. மீன்பாடி வண்டி மலிவு, சந்துக்குள் வரும், ஆனால் திறந்த வண்டி. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில் தூசியும் புகையும் நேராக மேலே படும், மீன் ஏற்றிய பலகையாக இருந்தால் வாடையும் ஏறும், கம்பளி வாடையை விடவே விடாது. நான் குட்டி யானையில் தார்ப்பாய் கட்டி ஏற்றினேன். ரயில்வே கேட் மூடுவதற்கு முன்னால் தாண்டிவிட வேண்டும் என்று காலை ஆறு மணிக்கே கிளம்பினோம். புடவை மூட்டையைத் தூக்கிய தம்பி, "இன்னாக்கா, இவ்ளோ பெர்சா இருக்கு, வெயிட்டே இல்ல?" என்றான். ஆட்டு ரோமம்டா, கீழே வைக்காமல் மேலேயே வை என்றேன். கடைசியாக ஏற்றி முதலில் இறக்கியது அதைத்தான்.

பால் காய்ச்சி மூன்று நாளில் வேக்கும் பைகளைத் திறந்து நூலை உதறி டப்பாவுக்கு மாற்றினேன், அக்ரிலிக் மட்டும் பரணுக்குப் போய்விட்டது. புது வீட்டு மேற்குச் சுவர் மழைக்குக் கசியுமா என்பது ஐப்பசியில்தான் தெரியும். அதுவரை கம்பளி டப்பாக்கள் நடு அறையில், இரண்டிரண்டு செங்கல் வைத்து அதன்மேல் போட்ட பலகையில் இருக்கின்றன. 7-ஆம் எண் பையை மட்டும் நேற்றுப் பிரித்துவிட்டேன், வெள்ளைப் பருத்தி, எதிர் வீட்டுப் பெண்ணுக்கு இது எட்டாவது மாதம்.